ரெஃப் சாமி

விஸ்வேஸ்வரன் முதலில் மோந்துதான் பார்ப்பார். ஃபோனைக் கையில் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, சார்ஜர் சொருகுகிற ஓட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு. கொண்டுவந்தவர் அந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மறுபடி முதலிலிருந்து மோந்து பார்ப்பார். பிறகு கண்ணைத் திறந்து, "பசை வாசனை வருது" என்பார். பசை வாசனை வரவில்லையென்றால், "ஒரு வாசனையும் வரலை, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்கான்" என்பார். எப்படி வந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "ரெஃப்பாக்கும்."

பழைய ஃபோனைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, துடைத்து, பெட்டியில் போட்டுப் புதுசு மாதிரி விற்கிற சரக்குக்குச் சந்தையில் ரெஃப் என்று பெயர். கொச்சியில் மட்டாஞ்சேரி கொட்டாரம் என்கிற பழைய அரண்மனைக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்தில் யார் ஃபோன் வாங்கினாலும், தங்கள் வீட்டுக்குப் போகும் முன் விஸ்வேஸ்வரனின் வராந்தாவில் ஏறியாக வேண்டும். ஏறாதவர்களை அவரே தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆறு வருஷத்தில் இருநூறு ஃபோனாவது அவரிடம் தீர்ப்பு வாங்கியிருக்கும். சிலவற்றில் எத்தனை துழாவியும் ஒரு குறையும் அகப்படாமல் போனதுண்டு. அவற்றையும் அவர் புதுசு என்று சொன்னதில்லை. "இப்போ ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆறு மாசம் கழிச்சுக் கொண்டா" என்று திருப்பிக் கொடுப்பார். அவரிடம் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது. சந்துக்காரர்கள் அவருக்கு ரெஃப் சாமி என்று பெயர் வைத்தார்கள். அது காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ பல்கலைக்கழகம் கூப்பிட்டுக் கொடுத்தது போல வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த மூக்கு சும்மா வந்ததில்லை. முப்பத்தெட்டு வருஷம் கடைத்தெருவில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் மாதிரி பார்க்கிற வேலை. மூட்டையில் ஊசிக்குழாயைக் குத்தி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து மோந்து, போன வருஷத்து மிளகுக்கு எண்ணெய் தடவிப் பளபளக்க வைத்திருக்கிறார்களா, நடுவே பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று சொல்வார். அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் தன் சரக்கு பழசு என்று ஒரு வியாபாரியும் அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை. எல்லாரும் சத்தியம் செய்தவர்கள்தான். ஆகவே பளபளக்கிற எதுவும் யாரோ எண்ணெய் தடவியதுதான் என்ற முடிவோடு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மனுஷனுக்கு மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது ஊரெல்லாம் ஸ்மார்ட்ஃபோன் வந்தது.

வித்தை பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மோந்து முடித்ததும் மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அடியில் இருக்கிற இரண்டு திருகாணிகளைப் பார்ப்பார். ஸ்க்ரூ டிரைவர் பட்ட கீறல் அதில் தெரிந்துவிடும். காது வைக்கிற இடத்து வலையில் தூசி, திரையைச் சுற்றிப் பசைக்கோடு, சிம் போடுகிற பள்ளத்துக்குள் தண்ணீர் பட்டால் சிவக்கிற வெள்ளை ஒட்டுத்தாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தி, திரையில் வருகிற பதினைந்து இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சடித்த எண்ணோடு ஒத்துப் பார்ப்பார். வாரண்டி என்றைக்குத் தொடங்கியது என்று பார்ப்பார். இத்தனை நியாயமான சோதனைக்கும் பிறகு, சோதனைக்கு முன்னாலேயே முடிவு செய்ததைச் சொல்வார்.

பக்கத்துத் தையல்கடை ஷபானாவுக்கு நடந்ததுதான் இதில் பெரிய கூத்து. கலூரில் ஒரு கடையிலிருந்து ஆசையாக ஒரு ஃபோன் வாங்கிவந்தாள். விஸ்வேஸ்வரன் காது வலையில் ஒரு தூசியைக் கண்டுபிடித்தார். அவள் நேரே கடைக்குப் போய் ஊரைக் கூட்டிவிட்டாள். கடைக்காரன் அவளைக் கையோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப்போய், ஃபோன் அசல் புதுசு, திறக்கவே இல்லை என்று முத்திரை போட்ட கடிதம் வாங்கிக் கொடுத்தான். அவள் அதைக் கொண்டுவந்து வராந்தாவில் நீட்டினாள். விஸ்வேஸ்வரன் கடிதத்தையும் மோந்து பார்த்தார். "அவாளும் ரெஃப்பாக்கும்" என்றார். தோப்பும்படி ஹார்பரில் ஐஸ் சுமக்கிற ஒச்சப்பன் இன்னும் விவரமான ஆள். தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு, "சரி சாமி, ரெஃப்புன்னே வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு, நாலு வருஷமாக அதே ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறான்.

அவருடைய சொந்த ஃபோனைப் பற்றிக் கேட்கக் கூடாது. பேட்டரி உப்பி, முதுகு திறந்து, இரண்டு ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டியிருக்கும். எதிராளி பேசுவது இவருக்குக் கேட்காது. இவர் கத்துவது ஃபோன் இல்லாமலேயே எதிராளிக்குக் கேட்டுவிடும். புதுசு வாங்கலாம்தான். ஆனால் அவர் பரீட்சையில் தேறுகிற ஃபோனை இன்னும் ஒருவரும் செய்யவில்லை. மனைவி கமலாக்ஷி இதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போவும் கண்ணாடியை மாட்டிண்டு இப்படித்தான் பாத்தார். ஏதோ நல்லகாலம், பெட்டியும் பில்லும் கேக்கலை" என்பார்.

இவ்வளவு சோதனை செய்கிற மனுஷன், மகள் சுபாஷிணி விரும்பிய பையனுக்கு அரை நிமிஷம்தான் கொடுத்தார். தென்காசிப் பக்கத்து முத்துவேல், களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். சுபாஷிணி அங்கேயே கணக்குப் பிரிவில் இருந்தாள். பையன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே, "நமக்கு இது சரிப்படாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் களமசேரியிலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு வருஷம் போக்குவரத்து கிடையாது. கமலாக்ஷி மட்டும் மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் மகளோடு ஃபோனில் பேசுவார். அவ்வளவு துணி அந்த வீட்டில் எப்படி வந்தது என்று விஸ்வேஸ்வரன் கேட்டதில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லித் தட்டை முன்னால் வைத்துவிட்டு, கமலாக்ஷி நகராமல் நின்றார்.

"சுபா வரா. ஏழாம் மாசம். மாப்பிளையும் வரார். உங்களுக்குன்னு ஒரு ஃபோன் வாங்கிண்டு வரா. அதை வச்சு அவரை ஒரு வார்த்தை சொன்னேளோ, அவ அப்போவே எறங்கிப் போயிடுவா. பிரசவத்துக்கும் இங்கே வரமாட்டா. சொல்லித்தான் அனுப்பிருக்கா. கேட்டேளா?"

கேட்டது. பத்து மணிவரை வராந்தாவில் உலாத்திக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். வாங்குவது, வைப்பது, "இப்போ ஒண்ணும் சொல்றதுக்கில்லை" என்பது. அதற்குமேல் நாக்கை அசைப்பதில்லை. மகள் தன் வீட்டில் பத்து நாள் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. இரண்டு வருஷமாகவே இருந்தது. அந்த ஆசையை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பதால் அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார்.

வந்தார்கள். சுபாஷிணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள். முத்துவேல் நின்றபடியே பெட்டியை நீட்டினான். விஸ்வேஸ்வரன் வாங்கினார். மூளை "வை" என்றது. கை அதற்குள் ஃபோனை வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, மூக்குக்குப் பாதி தூரம் கொண்டுபோய்விட்டது.

"மாமா, நீங்க செரமப்பட வேண்டாம்" என்றான் முத்துவேல். "இது ரெஃப்புதான். தெரிஞ்சுதான் வாங்குனேன். டிஸ்ப்ளே மாத்தியிருக்கு. பேட்டரி வேற போட்டிருக்கு. ஆறு மாசம் வாரண்டி. பில்லுலயே எழுதியிருக்கான், பாருங்க."

பில்லையும் எடுத்து முன்னால் வைத்தான். பெரிய எழுத்தில் ரெஃப் என்றுதான் அச்சடித்திருந்தது.

விஸ்வேஸ்வரன் பில்லை ஒரு தடவை படித்தார். இருநூறு ஃபோன் பார்த்தவரிடம் முதல் தடவையாக ஒருவன் வந்து தீர்ப்பைத் தானே சொல்லிவிட்டு நிற்கிறான். இனி இவருக்கு என்ன வேலை?

"உங்கிட்டே யார் கேட்டா?" என்றார்.

சுபாஷிணி பையின் காதைப் பிடித்தாள். உள்ளே கமலாக்ஷியின் கரண்டிச் சத்தம் நின்றது.

விஸ்வேஸ்வரன் நிமிரவே இல்லை. மோந்தார். திருகாணி பார்த்தார். பள்ளத்துக்குள் பார்த்தார். ஸ்டார், ஹாஷ், சைபர் என்று முணுமுணுத்தார். பசைக்கோடு இருந்தது, கீறல் இருந்தது, பையன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எவ்வளவு நல்ல ரெஃப்! ஆறு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த அத்தனை அடையாளமும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆனால் அவர் கண் அதில் நிற்கவில்லை. தன் சரக்கைத் தானே பழசு என்று சொல்கிற ஒருவன் அவர் கடைத்தெருவில் இல்லை, இந்தச் சந்தில் இல்லை, நினைத்துப் பார்த்தால் இந்த வீட்டிலும் இல்லை. அப்படிப்பட்டவனைத்தான் அரை நிமிஷத்தில் வாசலோடு அனுப்பினோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் என்றால் இரண்டு பேர்: முக்குச் சாயாக்கடை நாணு, தையல்கடை ஷபானா. மகள் வந்ததைப் பார்க்க வந்ததாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் நாலு கண்ணும் ஃபோன்மேல் இருந்தன.

"எந்தாயி சாமி, என்ன ஆச்சு?" என்றார் நாணு. "மருமகன்றே ஃபோனும் ரெஃப் தன்னே அல்லே?"

விஸ்வேஸ்வரன் ஃபோனை மெதுவாகப் பெட்டிமேல் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"புதுசாக்கும்" என்றார். "அசல் புதுசு."

நாணுவின் வாய் திறந்தபடி நின்றது. முத்துவேலுக்குத்தான் பொறுக்கவில்லை. "இல்ல மாமா, நாந்தான் சொன்னேன்லா, இது…"

"நோக்கு ஃபோனைப் பத்தி என்ன தெரியும்? நான் முப்பத்தெட்டு வருஷம் சரக்கு பாத்தவன். நான் சொல்றேன், புதுசு. நீ நிக்காம உக்காரு, சாயா குடி."

சுபாஷிணி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது.

ஷபானா விடுகிற ஆள் இல்லை. முத்திரை போட்ட கடிதம் கொண்டுவந்தும் ரெஃப் என்று கேட்டுக்கொண்டவள். படியில் ஒரு கால் வைத்து எட்டிப் பார்த்தாள்.

"அப்ப பில்லைக் காட்டுங்க சாமி. புதுசு பில்லு எப்படி இருக்கும்னு நானும் பாக்கணும்."

விஸ்வேஸ்வரன் பில்லை எடுத்தார். இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாகவும் மடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பிரம்பு நாற்காலியில் அதை வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.