கவர்னர் கொடுத்த மன்னிப்பு

ஜில்லா பிரிந்த வருஷம் என் மகன் செத்தான். கிணற்றுத் தண்ணீர் இன்றைக்கு யார் முறை என்ற சண்டையில் பங்காளி வீட்டுப் பையன் மண்வெட்டியால் அடித்துவிட்டான். ஆயுள் தண்டனை கொடுத்து அவனை வேலூர் ஜெயிலில் போட்டார்கள்.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையில் எனக்குக் கற்பூரக் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவனைப் பெற்றவள் மலை சுற்ற வருவாள். என் கடை வந்ததும் நின்றுவிடுவாள். பல வருஷம் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒருமுறை, "யக்கா, நீ சரின்னு சொன்னா அவன விட்டுடுவாங்களாம்" என்றாள். நான் அடுத்த ஆளுக்குக் கற்பூரம் மடித்தேன்.

அவள் சொன்னதை நானும் நம்பினேன். ஏனென்றால் அவன் ஜெயிலுக்குப் போய்ப் பத்து வருஷம் கழித்து ஓர் அதிகாரி வீடு தேடி வந்தார். அவனை முன்கூட்டியே விடுவதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். விடக்கூடாது என்றேன். எழுதிக்கொண்டு மை டப்பாவை நீட்டினார். கைநாட்டு வைக்கிறவள் இல்லை நான். பேனாவை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக என் பெயரைப் போட்டேன். அதுவரை அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தார், மறுபடி போட்டேன். அந்த ஜெயில் கதவுக்கு என் கையெழுத்துதான் பூட்டு என்று இருந்தேன். அவள் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறகு ஒரு தலைவர் பிறந்தநாளுக்கு ஆயுள் கைதிகளை விட்டார்கள். அவனும் வீடு வந்துவிட்டான்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேனே, யாரைக் கேட்டு விட்டீர்கள் என்றேன். அங்கிருந்த கிளார்க் என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் பேசினார்.

"மன்னிக்கிற அதிகாரம் கவர்னருக்குத்தாம்மா. மந்திரிங்க முடிவு பண்ணுவாங்க, அவரு கையெழுத்துப் போடுவாரு. உங்களக் கேட்டது சும்மா விசாரணைக்குங்க."

"செத்தது அவரு புள்ளயா?"

அவர் ஃபைலைக் கட்ட ஆரம்பித்தார்.

அடுத்த பௌர்ணமிக்கு அவள் மகனோடு வந்தாள். என் கடையைத் தாண்டிப் போய், பக்கத்துக் கடையில் கற்பூரம் வாங்கிக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு அவள் நின்று மன்னித்துவிடு என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. அதற்கப்புறம் என்னை யாரும் கேட்கவில்லை.