லவான் டிவெட் கடித்த பென்சில்கள்

ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது லவான் டிவெட் மூன்று பென்சில்களைச் சீவி, மேசை விளிம்பை ஒட்டி வரிசையாக வைக்கிறார். முதல் பென்சில் எழுத. இரண்டாவது, முதல் பென்சிலின் முனை உடைந்தால் எழுத. மூன்றாவது கடிக்க.

ஸ்கோர் மேசையில் உட்கார்ந்தவர்கள் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, ஒரு பக்கம் பார்த்துச் சிரிக்கவும் கூடாது என்று விதி இருக்கிறது. அயோவாவின் ஹால்டன் கல்லூரிக் கூடைப்பந்து அரங்கில் அந்த விதியை மதிக்கிறவர் ஒருத்தர்தான். முப்பத்துமூன்று வருடமாக அவர்தான் அதிகாரபூர்வ ஸ்கோர் நோட்டை எழுதுகிறார். அணி வழக்கம்போல் தோற்ற வருடங்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடிக்க ஒரே பென்சில் போதுமானதாக இருந்தது. தோல்வி நிச்சயம் என்றால் பல்லுக்கு என்ன வேலை? இந்த வருடம் பத்தொன்பது பென்சில்கள் போயின.

அறுபத்தாறு வயதுப் பெண்மணி. ஒல்லியான உடம்பு, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. பகலில் கூட்டுறவு தானியக் கிடங்கின் எடை மேடையில் வேலை. மக்காச்சோள லாரியை நிறுத்தி, ஒரு குத்து எடுத்து, ஈரம் எத்தனை சதவீதம் என்று மெஷினில் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். ஈரம் கூடினால் விலை குறையும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அவர்மேல் வருத்தம். மீதிப் பேருக்கு விவசாயம் இல்லை.

"பதினேழா? கையில எடுத்துப் பாரு லவான், பொரியாட்டம் காஞ்சு கெடக்கு!" என்றார் டுவெயின் ஹெக்மன், போன அக்டோபரில்.

"கையில எடுத்துப் பாத்துச் சொல்றதுக்கு எதுக்கு மெஷினு? பதினேழு."

"ஒரு பாயின்ட் கொறைச்சுப் போட்டா கெடங்கு என்ன கவுந்தா போயிரும்?"

"கவுராது. அடுத்த லாரி உங்க மச்சானோடது. அவருக்கும் கொறைக்கணும். அப்புறம் அவரு மச்சானுக்கு."

டுவெயின் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார். அவருடைய மகன் கோல்பிதான் இந்த அணியின் இருபத்துநாலாம் எண்.

லவானின் வலக்கைப் பக்கம் மேசையில் ஒரு கறுப்புப் பொத்தான் உண்டு. நடுவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அதை அழுத்தி ஹார்ன் அடிக்கலாம். சபையில் வந்த தும்மலை அடக்குகிறவர் மாதிரிதான் அவர் அடிப்பார். 'பீப்' என்று தொடங்கும், அதற்குள் வெட்கப்பட்டு நின்றுவிடும். வீட்டிலும் அப்படித்தான். பின்வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற கணவர் ஆர்லோவின் புகார் இது: "வீட்டுக்கு வர்ற வழியில, இன்னிக்கு ஆட்டம் எப்படின்னு கேட்டா, 'நோட்டுல இருக்கு'ங்கறா. கட்டுன புருஷன்கிட்ட!"

நாற்பத்தொரு வருடமாகக் கோப்பையைக் காணாத ஊர் இது. டிசம்பரில் அணி தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்ததும் ஊருக்கே ஞானம் பிறந்தது. கோச் மெர்ல் ஸ்டாஃபரைத் துரத்த வேண்டுமென்று போன வருடம் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய முடிதிருத்துபவர், இப்போது அவருக்கு இலவசமாக முடி வெட்டினார். கோச்சின் தலையில் வெட்ட அதிகமில்லை என்பது வேறு விஷயம். அரங்கு எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் 'நம்ம பசங்க' என்று பேச ஆரம்பித்தார்கள். லவான் மட்டும் நோட்டைப் புரட்டி, "இன்னும் ஒம்போது ஆட்டம் இருக்கு," என்பார். அந்த ஒன்பதையும் கடந்து, பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை மதியம், வெஸ்ட்ஃபால் கல்லூரியோடு லீக் இறுதி ஆட்டம் எங்கள் அரங்கிலேயே வந்து நின்றது.

எங்கள் ஊர் பக்தியில் சிறந்தது. பந்திக்கு முந்துவதில் அதைவிடச் சிறந்தது. இடைவேளையில் லூத்தரன் தேவாலயப் பெண்கள் பீன்ஸ் போட்ட காரக் கறிக்குழம்பும், பட்டை தூவிய இனிப்புப் பன்னும் விற்பார்கள். பன் எப்போதும் முதல் நூறு பேரோடு தீர்ந்துவிடும். அதனால் முதல் பாதி முடிய பத்து நொடி இருக்கும்போதே ஜனம் எழுந்துவிட்டது. மின்பலகையை இயக்குகிற இரும்புக்கடை வெண்டல் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்துவிட்டார். லவான் பக்கத்திலேயே உட்கார்ந்து விருந்தாளி அணியின் நோட்டை எழுதுகிறவரும், ஊருக்குப் புதியவர் என்றாலும், வாசனையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நொடி இருந்தபோது, பந்துக்காகப் பாய்ந்த கோல்பி முழங்கையால் ஒருவனைத் தள்ளினான். நடுவர் விசில் ஊதி, இருபத்துநாலு என்று விரல் காட்டினார். அந்த விரலைப் பார்த்தவர் லவான் மட்டும். நோட்டில் கோல்பியின் பெயருக்கு நேரே மூன்றாவது ஃபவுல் கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது. பலகையில் இரண்டு என்றே எரிந்துகொண்டிருந்தது.

"இருவத்துநாலுக்கு மூணு, வெண்டல்," என்றார் லவான், அவர் திரும்பி வந்ததும்.

வெண்டலின் வாயில் பன். "ரெண்டுதான். இவரு நோட்டுலயும் ரெண்டு. ரெண்டு பேரு சொல்றோம், நீங்க ஒருத்தர். நாட்டுல ஓட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

உதவிப் பயிற்சியாளரிடமும் சொன்னார். அவர் பலகையை அண்ணாந்து பார்த்து, லவானின் கண்ணாடியைக் குனிந்து பார்த்து, பரிவோடு புன்னகைத்துவிட்டுப் போனார். நோட்டுதான் சட்டம், பலகை வெறும் அலங்காரம். அலங்காரத்தைத் திருத்த ஆட்டத்தை நிறுத்துகிற வழக்கமில்லை. லவான் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டக்காரன் வெளியே போயாக வேண்டும். இரண்டாம் பாதியில் கோல்பி இன்னொன்று செய்தான், நோட்டில் நான்கு, பலகையில் மூன்று. கோச் கவலையில்லாமல் அவனைக் களத்திலேயே வைத்திருந்தார். ஒரு நிமிடம் நாற்பது நொடி மிச்சம். ஹால்டன் 63, வெஸ்ட்ஃபால் 60. கூடைக்கு எறியப் போனவனின் கையில் கோல்பி ஓங்கி அடித்தான். விசில். வெண்டல் பொத்தானைத் தட்ட, பலகையில் நான்கு எரிந்தது.

லவானின் பென்சில் ஐந்தாவது கட்டத்தின்மேல் நின்றது. பக்கத்து நோட்டில் நான்கு. பலகையில் நான்கு. அரங்கில் ஆயிரத்து நானூறு பேர், சரியான கணக்கு வைத்திருந்தவர் அவர் ஒருத்தர். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஒருவரும் கேட்கப் போவதில்லை. லவானுக்கு அந்தக் கோப்பை வேண்டும். ஊரில் யாரையும்விட அதிகமாக வேண்டும். மற்றவர்கள் நான்கு மாதமாக ஆசைப்பட்டவர்கள். அவர் முப்பத்துமூன்று வருடமாக ஆசைப்பட்டவர். பல்லுக்கிடையில் மூன்றாவது பென்சில் இரண்டாக உடைந்தது. அவர் கோட்டைப் போட்டார். ஹார்ன் 'பீப்' என்றது.

"அஞ்சு," என்றார்.

கோச் மேசைக்கே ஓடிவந்துவிட்டார். "லவான்! அங்க பாருங்க, நாலு! கண்ணு போச்சா?"

"அது பல்பு. நோட்டுல அஞ்சு."

நடுவர் குனிந்து பார்த்தார். "எது விட்டுப்போச்சு?"

"மொத பாதியில கடைசி ரெண்டு செகண்டு. முழங்கையால தள்ளுனான். விசில் ஊதுனது நீங்கதான்."

நடுவரின் காது சிவந்தது. அவரும் அப்போது பன் ஞாபகத்தில் இருந்திருக்கலாம். "ஆமா, ஊதினேன்," என்றார்.

கோல்பி நேராக வெளியே போய் உட்கார்ந்தான். அதன்பின் அரங்கு லவானை நோக்கிச் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. "வெண்ணெ தெரண்டு வர்றப்ப தாழிய ஒடைச்சாளே, பாவி!" என்று தேவாலயப் பெண்களில் ஒருத்தி அலறினாள். மேல்வரிசையிலிருந்து டுவெயினின் குரல் வந்தது: "இங்கயும் பதினேழு போட்டுட்டியா லவான்?" ஆர்லோ மெதுவாகக் கையைத் தூக்கித் தன் காதுக்கருவியை அணைத்துக்கொண்டார்.

வெஸ்ட்ஃபால் அந்த ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு எறிதலையும் போட்டு 62 ஆனது. கோல்பிக்குப் பதிலாக இறங்கிய நெட்டையன் பந்தைப் பார்த்தே பயந்தான். அதன்பிறகு இரண்டு அணிகளும் ஆளுக்கு இரண்டு முறை கோட்டைவிட்டன. வெஸ்ட்ஃபாலின் கடைசிப் பந்து வளையத்தைச் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது.

ஒரு நிமிடம் முன்பு வாயில் வந்ததெல்லாம் ஊருக்கு மறந்துபோயிற்று. ஏணி வந்தது. ஜெயித்தவர்கள் ஏறிக் கூடையின் வலையை ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொள்வது வழக்கம். ஆட்டக்காரர்கள் வெட்டினார்கள். கல்லூரித் தலைவர் வெட்டினார், பிறகு அவருடைய மருமகன். பலகையைப் பிசகாமல் இயக்கியதற்காக வெண்டலும் ஏறி வெட்டினார்.

லவான் ஒவ்வொரு பெயருக்கும் நேரே புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். கோல்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றான்.

"மேடம், அந்த மூணாவது... நான் தள்ளுனேன்னு எனக்குத் தெரியும். பலகையில ரெண்டுன்னு பாத்ததும் வாய மூடிக்கிட்டேன்."

"தெரியும். அப்பனுக்குப் புள்ள தப்பாம பொறந்திருக்க."

அவன் சிரித்துவிட்டான். "வாங்க, நீங்களும் ஒரு துண்டு வெட்டிக்குங்க."

"நடுவர் கையெழுத்து ஆகல. அதுவரைக்கும் ஆட்டம் நடக்குதுன்னுதான் அர்த்தம்."

நடுவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் போனார். மை காயும்வரை லவான் காத்திருந்தார். நோட்டை மூடினார். உடைந்த பென்சிலின் இரண்டு துண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கறுப்புப் பொத்தானின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

இந்த முறை அது பாதியில் நிற்கவில்லை. ஏணியின் உச்சியில், ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் வளையமுமாக இருந்த கோச் அப்படியே உறைந்தார். "இப்ப என்ன லவான்? என்ன விட்டுப்போச்சு?" ஆயிரத்து நானூறு தலைகள் பலகையைத் திரும்பிப் பார்த்தன. 63, 62. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அணைத்து வைத்திருந்த காதுக்கருவியையும் மீறி ஆர்லோவுக்கு அது கேட்டது. லவான் எங்கள் பசங்க பக்கம் பார்த்துச் சிரித்தார். பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.