தவறணைக்கு வாக்குக் கேட்டவர்

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் எந்த நாட்டிலும் வாக்கு இல்லாத காலத்தில், அமெரிக்காவுக்கு யார் ஜனாதிபதியாக வரவேண்டும் என்பதை நாங்கள்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஜெர்மனியில் கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இரண்டறை வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அது வரும்வரை வாஷிங்டன் அலுவலையாவது பார்ப்போம் என்று பெரியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது. வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். வைத்தியரிடம் போனாலும் நான், அலுவலகத்தில் டெர்மின் என்று சந்திக்க நேரம் குறித்தாலும் நான், எட்டு மணிச் செய்திக்கும் நான். தொலைக்காட்சிக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அதில் வருவதைத் தமிழில் சொல்லுவேன். எனக்கு விளங்காத இடங்களில் நானே ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

அப்பா பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். தமிழர்கள் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவராம். என்ன படிப்பித்தார் என்று நான் கேட்டதேயில்லை. மாஸ்டர் என்றால் அடிப்பவர். அப்பா அடிப்பதில்லை. ஆகவே அவர் அப்படியொன்றும் பெரிய மாஸ்டராக இருந்திருக்க மாட்டார் என்பது என் முடிவு.

மாமா ஊர் நடுவில் இருந்த மதுக்கடையின் சமையலறையில் கோப்பை கழுவினார். அந்தக் கடையை ஊர்க்காரர் 'விர்ட்ஷாஃப்ட்' என்பார்கள். மாமா பகல் வேலை முடிந்து செய்தி தொடங்கும் நேரத்துக்கு வந்துவிடுவார். வரும்போது வாயில் பெப்பர்மின்ட் இருக்கும், எனக்கும் ஒன்று தருவார். உலகத்திலேயே நல்ல வாசனை மாமாவின் வாசனைதான் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் அமெரிக்காவில் இரண்டு பேர் போட்டி. பதவியில் இருந்தவர் வயதானவர், எதிர்த்து நின்றவர் இளையவர். எங்கள் வீட்டில் முதலாமவருக்குக் கிழவர், மற்றவருக்குப் பெடியன் என்று பெயர். கிழவர் குடும்பம், ஒழுக்கம் என்று பேசினார். பெடியன் வாயைத் திறந்தால் விர்ட்ஷாஃப்ட்.

"பெடியன் என்னவாம் சொல்லுறார்?" என்று அப்பா கேட்டார்.

எனக்குத் தெரிந்த விர்ட்ஷாஃப்ட் ஒன்றே ஒன்றுதான். "தவறணையெல்லாம் விழுந்துபோய்க் கிடக்குதாம். தான் வந்தால் தூக்கி நிறுத்துவாராம்" என்றேன். தவறணை என்றால் எங்கள் பக்கத்தில் கள்ளுக்கடை.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "கேட்டீரே? தவறணையை நம்பி ஒரு மனுசன் நாடு ஆள வெளிக்கிட்டிருக்கிறார்" என்றார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. அப்பா கிழவரின் கட்சி. ஒழுக்கமில்லாதவனிடம் வீட்டுத் திறப்பைக்கூடக் குடுக்கக்கூடாது, நாட்டை எப்படிக் குடுக்கிறது என்பார். மாமா பெடியனின் கட்சி. தவறணை பூட்டினால் அங்கே வேலை செய்கிறவன் எங்கே போவான், அமெரிக்கா தும்மினால் எங்களுக்கெல்லாம் தடிமன் வரும் அத்தான் என்பார். முதலில் பகிடியாகத்தான் இருந்தது. போகப்போக அப்பாவின் குரல் தாழ்ந்துகொண்டு வந்தது. எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால் பயமில்லை, தாழ்ந்தால்தான் பயம்.

"அந்தப் பெடியன் நல்லவன்தான், கெட்டிக்காரன்தான்" என்றார் அப்பா ஒருநாள். "தாய் தகப்பன் காணி ஈடு வைச்சு அனுப்பின பிள்ளை. ஆனால் தவறணை அவனை விழுங்கிப் போடும்."

ஓர் அமெரிக்கரின் காணி ஈடு வைத்த கதை அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். செய்தியில் நான் அப்படிச் சொல்லவில்லை. மாமா எழும்பி, கட்டிலுக்கு அடியில் கிடந்த பையை இழுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினார். பக்கத்து ஊரில் இருக்கும் சிநேகிதனிடம் போகிறாராம். "நாளைக்குப் போறன் அக்கா" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கரும்பலகையில் அந்தச் சொல்லையே எழுதினார். வேலை, விலைவாசி, ஒரு நாட்டின் செல்வம் எல்லாம் சேர்ந்ததுதான் விர்ட்ஷாஃப்ட் என்றார். என்னுடைய ஒரு சொல்லால் ஒரு வீடே உடைகிறது. உண்மையைச் சொன்னால் உத்தியோகம் போய்விடும், சொல்லாவிட்டால் மாமா போய்விடுவார். வீடு வரும் வழியெல்லாம் இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். மாமாதான் பாரமாக இருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஜன்னலோடு நின்றார். நான் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல், "நான் பிழையாச் சொல்லிப்போட்டன்! விர்ட்ஷாஃப்ட் எண்டால் தவறணை மட்டும் இல்லையாம். நாட்டின்ரை வேலை, விலைவாசி, எல்லாத்துக்கும் அதுதான் சொல்லாம்!" என்று கத்தி அழுதேன்.

பெரியவர்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பிடியே?" என்றார் அப்பா, வாழ்க்கையில் முதல்முறை கேள்விப்படுகிறவரைப் போல.

மாமா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். என் தலைக்கு மேலாக, "சரி அத்தான், அந்தப் பெடியனுக்கு இனி என்ரை வாக்கு இல்லை" என்றார். அப்பா வந்து அந்தப் பையை எடுத்துப் பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார். என்னை ஒருவரும் கண்டிக்கவில்லை. அன்று எட்டு மணிச் செய்திக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அமெரிக்காவில் பெடியன்தான் வென்றார். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. மாமா அதற்குள் கோப்பை கழுவுகிற வேலையை விட்டுவிட்டு பாண் சுடுகிற ஒரு வெதுப்பகத்தில் சேர்ந்திருந்தார். வீட்டுக்கு வரும்போது பாண் வாசனை வந்தது, பெப்பர்மின்ட் நின்றுபோயிற்று. அதற்காக அப்பாவோடு எனக்குப் பல மாதம் கோபம்.

பத்து வருஷம் கழித்து, குடியுரிமை விண்ணப்பத்துக்காகப் பழைய கடிதங்களைக் கிளறியபோது, அப்பாவின் பள்ளிக்கூட அதிபர் கொடுத்த சான்றிதழ் ஒன்று கிடைத்தது. பதினொரு வருஷம், உயர்தர வகுப்பு, பாடம்: பொருளியல்.

"அப்ப அந்தச் சொல்லு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"ஓம், வந்த மூண்டாம் மாசமே தெரியும். மாமாவுக்கும் தெரியும்" என்றார் அப்பா. "அவர் அம்மாவின்ரை தம்பி. குடியாதையும் எண்டு நேரே சொன்னால் பிறகு ஆளையாள் முகம் பாக்கேலாது. அமெரிக்காக்காரனுக்குச் சொன்னால் இருந்து கேப்பார்."

அந்தச் சான்றிதழைத் திரும்பவும் வாசித்தேன். பதினொரு வருஷம் தான் படிப்பித்த பாடத்தை, ஒன்பது வயது மகள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கள்ளுக்கடை என்று சொல்ல, என் அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.