பால் வெட்டும் கையில் ஸ்பேனர்

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் ஜெபிஷுக்கு மழைநாளில் வேலை கிடையாது. அப்படியொரு நாளில், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்த அக்காள் ராகேலின் காரில், புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற உட்கார்ந்தான். கார் வேலை அவன் செல்பேசியில் பார்த்துப் பழகியதுதான்.

மறுநாள் அவள் கணவரை அழைத்துவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். பழைய சென்சாரோ புகைக்குழாயில் இறுகிக் கிடந்தது. திருகு மரை சிதைந்தால் கார் பட்டறைக்குத்தான் போகும். அப்படி ஆகிவிட்டால் என்று ராகேல் ஒரு வாடகை வண்டியும் சொல்லி வைத்திருந்தாள்.

“மக்கா, பலமா ஒரு திருகு திருகேன்.”

“பலமா இழுத்தா மரத்துல காயம் படும்க்கா.”

“இது மரமாலே?”

“எல்லாம் ஒண்ணுதான். கொஞ்சம் சும்மா இரி.”

எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைத்தான். குழாயின் சூடு ஆறுமுன் கொஞ்சம் திருகினான், கொஞ்சம் திரும்ப விட்டான், மறுபடி திருகினான். பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்று அறிந்த கை அது. சென்சார் மரை கெடாமல் கழன்று வந்தது.

புதியதை அவன் மாட்டத் தொடங்கியதுமே ராகேல் வாடகை வண்டிக்காரரை அழைத்தாள். “நாளைக்கு வரண்டாம், கேட்டீங்களா?”

“எஞ்சின் லைட்டு அணையுதான்னு பாத்துட்டுச் சொல்லப்பிடாதாக்கா?”

“நீ முடுக்குலே,” என்றாள்.