பச்சையம்மாவின் இரண்டு பிரசவங்களும் என்னுடைய ஒன்றும்

முதல் நாள்

படப்பையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊருக்கு நான் ஏ.என்.எம். ஆக வேலைக்குப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். ஏ.என்.எம். என்றால் பிரசவம் பார்க்கவும் தடுப்பூசி போடவும் பயிற்சி பெற்ற கிராம நர்ஸ். துணை சுகாதார நிலையம் என்று சொல்லி அனுப்பிய இடம் ஓடு போட்ட ஒற்றை அறை. பூட்டைத் திறந்து குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தபோதே ஒருவன் ஓடிவந்தான். கல்குவாரியில் வேலை செய்கிறவன், பெயர் மாரி.

“நர்சம்மா, எங்க வூட்டுக்காரிக்கு வலி எடுத்துகிச்சு. சத்தம் தாங்கல. கொஞ்சம் வாங்க.”

டெலிவரி பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன். தெருமுனையிலேயே அலறல் கேட்டது. உள்ளே அவன் மனைவி பச்சையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். தலைப்பிரசவம். மாமியார் காசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

“தெருவே கேக்குது. வாய மூடினு முக்க மாட்டியா? நானும்தான் பெத்தேன், பக்கத்து வூட்டுக்குக்கூடத் தெரியாது.”

நான் பரிசோதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. குழந்தையின் துடிப்பு நன்றாகக் கேட்டது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையே நானும் சொன்னேன். “பொறுத்துக்கம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தான்.”

பச்சையம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். “நீ புள்ள பெத்துக்கீறியா?”

“இல்ல. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல.”

“அப்ப பொறுத்துக்கன்னு சொல்லாத.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த வலி வந்தபோது பேசாமல் அவளுடைய இடுப்பின் கீழ்ப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். “அங்கதான். கைய எடுக்காத” என்றாள். குழந்தை வரும்வரை கையை எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. மார்பின்மேல் போட்டதும் பச்சையம்மாவின் அலறல் பாதியில் நின்றது. டீ கேட்டாள்.

“பாத்தியா, புள்ள மூஞ்சியப் பாத்ததும் வலியெல்லாம் மறந்துபோச்சு” என்றாள் காசியம்மாள். அப்போது நானும் அப்படித்தான் நம்பினேன்.

வலியைப் பார்த்துப் பழகியது

அதற்குப் பிறகு நிறையப் பிரசவங்கள் பார்த்தேன். இரண்டு பெண்களுக்கு ஒரே மாதிரி வலி வந்து நான் பார்த்ததில்லை. சிலருக்கு வயிற்றில் தொடங்கும், சிலருக்கு முதுகில். மாதவிலக்கு வலி மாதிரிதான் இருக்கிறது என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண், அந்தப் பாத்திரம் காய்வதற்குள் தரையில் மண்டியிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பகல் முழுக்க வலித்துவிட்டு, சோம்புத் தண்ணீர் குடித்ததும் அடங்கிப் போனவர்களும் உண்டு. அதை எங்கள் பக்கம் சூட்டு வலி என்பார்கள். பொய்வலி என்று புத்தகத்தில் இருக்கும். வலிக்கிறவளுக்கு அதில் பொய் ஒன்றும் இல்லை.

சத்தம் போடுகிறவளுக்கு வலி அதிகம், போடாதவளுக்குக் குறைவு என்று சொல்வதும் சரியல்ல. புடவைத் தலைப்பைக் கடித்துக் கிழித்தவர்கள் இருக்கிறார்கள். மாமியாருக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விடாமல் கவனிக்கப் பழகிவிட்டது. நல்ல பிரசவ வலி வரும், போகும். நடுவில் ஒரு ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் வயிறு இளகிவிடும். பெண்கள் தண்ணீர் கேட்பார்கள், அடுப்பில் என்ன இருக்கிறது என்று விசாரிப்பார்கள். ஒருத்தி தூங்கிக் குறட்டையே விட்டாள். அந்த ஓய்வுதான் அவர்களை அடுத்த வலிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, “விட்டு விட்டு வலிக்குதா?” என்பதுதான்.

ஓய்வில்லாத வலி

பச்சையம்மா இரண்டாவது முறை உண்டானபோது வேறு பெண்ணாக இருந்தாள். களையெடுக்கப் போவாள், என்னைப் பார்த்தால் நின்று சிரித்துப் பேசுவாள். இன்னும் மாதம் நிறையவில்லை. ஒரு பிற்பகல் மாரி வந்து கூப்பிட்டான். இந்த முறை ஓடி வரவில்லை.

“வவுறு வலின்னு படுத்துகினு கீறா. அம்மா சூட்டு வலின்றாங்க. எதுக்கும் நீங்க ஒரு தபா பாத்துட்டா நல்லாருக்கும்.”

அந்த வீட்டுத் தெருவில் நடந்தபோது சத்தமே இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே பச்சையம்மா பாயில் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்து, நெற்றி வேர்த்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், பேசவில்லை.

“இந்தத் தபா புத்தி வந்துகீது. கம்முனு கீறா பாரு” என்றாள் காசியம்மாள்.

நான் குனிந்து கேட்டேன். “பச்சையம்மா, விட்டு விட்டு வலிக்குதா?”

இல்லை என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “வுடவே மாட்டேங்குது. காலையிலருந்து ஒரே வலி.”

வயிற்றில் கையை வைத்தேன். பலகை மாதிரி இறுகியிருந்தது. கையை எடுக்காமல் காத்திருந்தேன், இளகவில்லை. உள்பாவாடையில் கொஞ்சம் ரத்தம். துடிப்பு கேட்கும் அலுமினியக் குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தேன். இடம் மாற்றி மாற்றி வைத்தேன். குழந்தையின் துடிப்பு கிடைக்கவில்லை.

நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்து உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று புரிந்துவிட்டது. குழந்தை போய்விட்டது என்றால் அடுத்து போகப்போவது தாய். வெளியே வந்து மாரியிடம் சொன்னேன். “இது சூட்டு வலி இல்ல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி பாருங்க.”

காசியம்மாள் வாசலுக்கு வந்தாள். “சத்தமே போடல, இவளுக்கு எதுக்கு பெரியாஸ்பத்திரி? அங்க போனா வவுத்த கீசிடுவாங்க.”

“சத்தம் போட அவகிட்ட தெம்பு இல்லம்மா. இங்க இருந்தா பொழைக்க மாட்டா.”

கிழவி என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு போர்வையை எடுத்து வந்தாள். மாரி குவாரி லாரி ஒன்றை நிறுத்திக் கூட்டிவந்தான். பின்னால் வைக்கோலைப் பரப்பி, கிழவியையும் ஏற்றிக்கொண்டு, பச்சையம்மாவைப் படுக்கவைத்தோம். அந்தச் சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நாடியைப் பிடித்தபடியே போனேன்.

ஆஸ்பத்திரியில் மாரியின் ரத்தம் பொருந்தியது. ஏற்றினார்கள். குழந்தை இறந்துதான் பிறந்தது. பச்சையம்மா பிழைத்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் டாக்டரம்மா வந்து, “கொண்டுவந்தது நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேலை முடிந்தது என்று பட்டது. ஊருக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு பச்சையம்மா என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். நின்று பேசமாட்டாள். அந்தப் பேச்சை யாரும் அவளிடம் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்று ஊரில் எல்லாரும் நினைத்தோம்.

என் முறை

எனக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை உண்டானபோது பயமே இல்லை. என் கணவர் அந்த ஊரிலிருந்தே குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். அவர்தான் பயந்துகொண்டிருந்தார். எனக்கு ஒவ்வொரு கட்டமும் தெரியும். எது எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று அவருக்கு நானே பாடம் எடுத்தேன்.

வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அந்தப் பாடம் முதல் ஒரு மணி நேரத்துக்கு உதவியது. பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. ஈரத் துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துப் பிழிவது போல இடுப்பைச் சுற்றி இறுக்கியது. உச்சத்துக்குப் போய்த் தளர்ந்ததும், ‘அப்பாடா, தாங்கிவிட்டேன்’ என்று தோன்றும். அடுத்த கணமே அடுத்ததை நினைத்து உடம்பு நடுங்கும். ஓய்வில் இவ்வளவு பயம் இருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்த எனக்குத் தெரிந்ததே இல்லை. முக்கும் நேரம் நெருங்கியபோது வாந்தி எடுத்தேன். பல் கிட்டித்தது. “நான் வீட்டுக்குப் போறேன், என்னை விட்டுடுங்க” என்று சொன்னேனாம். அதே வார்த்தையை எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முக்க ஆரம்பித்ததும் வலி மாறியது. அதுவரை எனக்கு நடந்துகொண்டிருந்தது, இப்போது நான் செய்வதாக ஆனது. தலை வெளியே வரும்போது தீப்பட்டது போல எரிந்தது. பிறகு ஒரு வழுக்கல், ஒரு வெறுமை, குழந்தையின் அழுகை. மகனைக் காட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் மறக்கவில்லை. தையல் போட்டபோது ஒவ்வொரு குத்தும் தெரிந்தது. பால் கொடுக்கும்போதெல்லாம் வயிறு மறுபடி இழுத்துப் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஊரே வந்து பார்த்தது. யார் ஜாடை, என்ன எடை, என்ன பேர் வைக்கப் போறீங்க என்று கேட்டார்கள். கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம் பச்சையம்மா வந்தாள். குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள்.

“உனக்கு எப்டி இருந்துச்சு?”

என்னை யாரும் அதுவரை அதைக் கேட்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். பயந்ததை, வாந்தி எடுத்ததை, வீட்டுக்குப் போறேன் என்று அழுததை எல்லாம் சொன்னேன். அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். முடித்தபோது மனசு லேசாகியிருந்தது. அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நானும் திருப்பிக் கேட்டேன்.

“அந்த ரெண்டாவது தடவை, உனக்கு?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஆஸ்பத்திரில புள்ள உசுரோட இல்லன்னு சொன்னப்புறமும் வலி வந்துச்சு. முக்க சொன்னாங்க. பெரிய பொண்ணுக்கு வலிக்கசொல்ல, இத்த தாங்கினா புள்ள வரும்னு இருந்துச்சு. இதுக்கு ஒண்ணும் வரப்போறது இல்ல. அதுக்காவ வலி கொறஞ்சா வருது? ஆம்புளப் புள்ளன்னாங்க. பாத்தா மறக்க முடியாதுன்னு எங்க மாமியா காட்ட வேணாம்னுடுச்சு. நான் பாக்கலியே, மறந்துட்டனா?”

முந்தானையை மார்போடு இழுத்துக்கொண்டாள். “வூட்டுக்கு வந்தா பால் ஊறுது. துணிய வெச்சி கட்டிகினேன். யாருகிட்ட சொல்றது? புள்ளயே இல்ல, உனக்கின்னா வலின்னு கேட்டுடுவாங்க.”

மகன் அழுதான். அவளே எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, பால் கொடுத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து போனாள்.

கேட்க வேண்டியது

இந்த வேலைக்கு இப்போது வருகிற பெண்களிடம் ஊசி, மாத்திரை, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கின்றன. எங்களிடம் இல்லாதவை அவை, நல்லது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வலியைக் குறைக்க முடிந்தால் குறைத்துவிடுங்கள். தாங்கிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் மறந்துவிடுவாள் என்று மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சிலர் மறக்கிறார்கள், சிலர் மறப்பதில்லை, குழந்தையை இழந்தவளுக்கு அவள் உடம்பே மறக்க வழி கொடுப்பதில்லை.

அன்று என் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போனபிறகு, பிரசவமான வீட்டுக்குப் போனால் குழந்தையின் எடை, தொப்புள்கொடி, தாயின் ரத்தப்போக்கு எல்லாம் பார்த்துவிட்டுப் பையை மூடியதும், “உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். சிலர் சிரித்து மழுப்பினார்கள். சிலர் அழுதார்கள்.

குன்றத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், வரிசையாகப் பிள்ளைகளைப் பெற்றவள், அந்தக் கேள்வியைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைக்குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, பக்கத்தில் இருந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணினாள்.

“குந்து நர்சம்மா. மொத புள்ளயிலருந்து சொல்றேன்” என்றாள்.

உட்கார்ந்தேன்.