சாவடியில் காட்டிய தழும்பு

மைசூர் சாவடியில் எங்கள் மாட்டுவண்டியை நிறுத்துகிறார்கள். பிளேக் ஊசி போட்டதற்குச் சீட்டு இல்லாதவர்கள் பத்து நாள் கொட்டகையில் கிடக்க வேண்டும். நாளைக்குத் தங்கை மகளுக்கு முகூர்த்தம், தாய்மாமன் நான். ஆனாலும் கவலையில்லை. கொள்ளேகாலத்து டாக்டர் கையெழுத்திட்ட சீட்டை நீட்டுகிறேன். சாவடிச் சேவகர் அதைப் பிரிக்காமலே திருப்பித் தருகிறார்.

“காயிதம் யாரு வேணா எழுதலாம் சுவாமி. தோளைக் காட்டுங்க.”

“பிளேக் ஊசிக்குத் தழும்பு விழாதுங்க.”

“ஊசின்னா தழும்பு இருக்கணும்.”

வாதாடாமல் சட்டைக் கையை ஏற்றுகிறேன். சிறுவயதில் அம்மை வராமலிருக்கக் குத்திய வடு இருக்கிறது. அதைத் தடவிப் பார்த்தவர், “சரி, ஹோகி” என்று வழிவிடுகிறார்.

எனக்குப் பின்னால், பிளேக் ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிட்ட என் வண்டிக்காரர், தனக்கும் சிறுவயதில் அம்மை குத்திய தழும்பு தெரியும்படி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார்.