பீலித் தண்ணீரில் கழுவிய கேரட்

"ஒங்க புள்ளைக்கு இதக் குடுப்பீங்களா டீச்சர்?"

ஒரு கேரட்டை நீட்டிக்கொண்டு அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். என் பெண் அப்போது என் இடுப்பில் இருந்தாள். கையை நீட்டி அதை வாங்கவும் பார்த்தாள். நான் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மஞ்சுமூட்டம் இறங்குகிறது, குழந்தைக்குக் காது அடைத்துக்கொள்ளும் என்று ஏதோ சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டேன்.

நான் கோயமுத்தூர்க்காரி. கல்லூரியில் மனையியல் படித்தேன். கணவருக்குக் குன்னூரில் குமாஸ்தா வேலை என்பதால் கல்யாணமானதும் மலையேறினேன். படிப்பை வீணாக்காதே என்று ஊரிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இங்குள்ள மாதர் சங்கத்தில் ஒரு வேலை கொடுத்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் சில பெண்கள் புதிதாகக் காய்கறி விவசாயம் தொடங்கியிருந்தார்கள். பறிப்பதிலிருந்து விற்பதுவரை காய்கறியை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வாரம் ஒரு மதியம் போக வேண்டும். குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவளையும் தூக்கிக்கொண்டுதான் போவேன்.

அந்தப் பெண்கள் விவரம் தெரிந்த நாள் முதல் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். இங்கே வந்தும் அரசுத் தோட்டத்தில் அதே வேலைதான். படுகர் கவுடர் ஒருவர் தம் நிலத்தில் ஒரு சரிவை அவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டின் பின்னால் நாலு கீரைச் செடி வைத்ததைத் தவிர அவர்களில் யாரும் அதற்குமுன் சொந்தமாக எதையும் பயிர் செய்ததில்லை. முதல் முறை பீன்ஸ் காய்த்தபோது அதைப் பறிக்காமல் விட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "இன்னும் ரவுண்டு வரலியே" என்றார்கள். தேயிலையில் ஒரு பக்கம் கொழுந்து பறித்தால் சுற்றி வந்து மறுபடி அங்கே பறிக்கும் முறைக்குப் பெயர் ரவுண்டு. பீன்ஸ் எந்த ரவுண்டுக்கும் காத்திருக்காமல் முற்றி நாராகிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி அவர்களே சிரித்தார்கள்.

கழுவுவது பற்றிச் சொன்னபோது இன்னும் சிரித்தார்கள். தேயிலையை யாரும் கழுவுவதில்லை. "எங்க கொழுந்தக் கழுவிட்டா தொரைமாரு தேத்தண்ணி குடிச்சாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். தேயிலை ஃபேக்டரியில் சூடுபட்டு வருகிறது, குடிக்கும்போதும் கொதிக்கிற தண்ணீர்தான் ஊற்றுகிறோம், சமைக்காமல் தின்னும் காய் வேறு என்று நான் விளக்கினேன். பச்சையாக யார் தின்பார்கள் என்று கேட்டார்கள். குன்னூரில் ஒரு விடுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு லெட்டூஸ் இலையும் கேரட்டும் பச்சையாகவே நறுக்கிக் கொடுக்கிறார்கள் என்றேன். "அடப்பாவமே, காசு கட்டிப் படிக்க வெச்சு ஆட்டுக்குப் போடறதப் போடுறாங்களா" என்றாள் அதே பெண்.

என் பாடம் எளிமையானதுதான். பச்சைச் சாணத்தைப் பாத்தியில் போடக் கூடாது, மக்கவைத்துத்தான் போட வேண்டும். பறிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பறித்ததை நல்ல தண்ணியில் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஒவ்வொரு வாரமும் சொன்னேன். அவர்களையும் திருப்பிச் சொல்லவைத்தேன். குழந்தைகளும் கூடச் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்லும்.

எங்கள் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. வீட்டில் இரண்டு தொட்டி இருக்கும். ஒன்றில் உப்புத் தண்ணி, ஒன்றில் நல்ல தண்ணி. நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி. பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும் என்பதுபோல் நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் அக்கா என்று சொல்பவள் அந்தப் பெண்களில் ஒருத்தி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பயணத்துக்கு அனுமதி வந்துவிட்டது. கணவனின் காகிதத்தில் பெயரில் ஏதோ பிழை என்று அவரை மட்டும் சிலோனிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் வந்து சேரும்போது எஸ்டேட்டில் காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்கு மறுபடியும் போய்ப் பேர் கொடுத்து நிற்க வைக்கக் கூடாது, நம்ம தோட்டம் என்று ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. குத்தகையை அடுத்த போகத்துக்கும் பிடித்துவைக்க வேண்டுமானால் விளைவதை நிலையாக ஒருவர் வாங்க வேண்டும். மார்க்கெட்டில் ஒரு நாள் இருக்கும் விலை மறுநாள் இல்லை.

அதற்காகத்தான் நானே அந்தப் பள்ளிக்குப் போனேன். சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் பேசினேன். லெட்டூஸின் மாதிரியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பச்சையாகக் கொடுப்பதற்கு நம்பகமான ஆள்தான் கிடைப்பதில்லை என்றார் அவர். நான் சொல்லித்தந்தவர்கள் என்பதால், நேரில் பார்த்துவிட்டு வந்து சரி என்று சொன்னால் தொடர்ந்து வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். என் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் போனபோது என்னைக் கையைப் பிடித்துத் தோட்டத்தின் அடிப்பக்கத்துக்கு அழைத்துப்போனார்கள். ஓடையிலிருந்து மூங்கிலைப் பிளந்து வாய்க்கால்போல் நிறுத்தி, தண்ணீர் ஆள் உயரத்திலிருந்து கொட்டும்படி செய்திருந்தார்கள். அடியில் பலகைக்கல் போட்டிருந்தது. இதுதான் பீலி என்றார்கள். அவர்கள் விட்டுவந்த லயங்களில் குளிப்பதும் குடிப்பதும் துவைப்பதும் பீலியில்தானாம். இதற்குமுன் ஒரு குடம் தண்ணீரில் எல்லாக் காயையும் முக்கி எடுத்தவர்கள், என் பாடத்தைக் கேட்டுத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். லெட்டூஸ் இலைகள் பளபளவென்று கூடையில் அடுக்கியிருந்தன. கேரட்டில் ஒரு துளி மண் இல்லை. நான் மனதாரப் பாராட்டினேன். அக்கா ஒரு சின்னக் கேரட்டைப் பீலியில் காட்டி என் பெண்ணிடம் கொடுத்தாள். புதுப் பற்களால் அவள் அதைக் கொறித்துக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸுக்கு மேல் பாதை வழியாக ஏறும்போதுதான் அந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மேலே கவுடருடைய மாட்டுக்கொட்டகையை ஒட்டி வருகிறது. அதற்கும் மேலே ஒரு லயத்து வீடுகளின் பின்புறம். கக்கூஸ் கட்டப் போட்ட கல் அங்கே அப்படியே கிடந்தது. கட்டாததால் பிள்ளைகள் எங்கே போய் உட்காருவார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் திரும்பி என் பெண்ணின் கையைப் பார்த்தேன். காம்பு மட்டும் மிச்சம் இருந்தது.

மறுநாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு.

இதை எழுதும்போதே நியாயமாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் ஒரு வர்க்கி பிஸ்கட்டைக் கீழே போட்டு, நான் தடுப்பதற்குள் எடுத்துத் தின்றாள். கடைவாய்ப் பல்லும் முளைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொன்னார். என் கணவரிடம், "ஏனுங்க, கேரட்டுனாலதான் இருக்குமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"வர்க்கியாலயும் இருக்கும், பல்லாலயும் இருக்கும். நீயே கேள்வி போட்டு நீயே பரீட்சை எழுதிட்டு இருக்கற" என்றார் அவர்.

குழந்தை தேறிவிட்டாள். நான்தான் தேறவில்லை.

மறுபடி போனபோது அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். ஓடைத் தண்ணீரில் கழுவினால் முன்பு இருந்ததைவிட மோசம், நல்ல தண்ணியில்தானே கழுவச் சொன்னேன் என்றேன். அவளுக்கு முகம் சுருங்கவில்லை. நான் ஏதோ தமிழ் தெரியாமல் பேசுகிறேன் என்பதுபோல் பார்த்தாள்.

"நல்ல தண்ணியிலதானே டீச்சர் கழுவுறோம். நிக்கிற தண்ணி கெட்ட தண்ணி. ஓடி விழுற தண்ணி நல்ல தண்ணி. நீங்க சொன்ன பொறகுதானே கொடத்தத் தூரப் போட்டுட்டுப் பீலி கட்டுனோம்."

உப்புத் தண்ணி என்பதையே அவர்கள் கப்பலில் வரும்போதுதான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தொட்டி வைத்த வீட்டில் வளர்ந்த என் சொல்லை, எங்கு பார்த்தாலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த மலையில் வளர்ந்தவர்கள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஒவ்வொரு வாரமும் நான் ஒன்றைச் சொன்னேன், அவர்கள் இன்னொன்றைத் திருப்பிச் சொன்னார்கள். வார்த்தை ஒன்றே என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

குடிக்கிற தண்ணி என்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ஆனால் அவர்கள் குடிப்பதும் அதே தண்ணீரைத்தான். அக்காவின் பிள்ளைகள் அதைத்தான் குடிக்கிறார்கள், தெம்பாகத்தான் ஓடியாடுகிறார்கள். பழகிய வயிறு என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அவர்கள் வயிறு வேறு, என் பெண்ணின் வயிறு வேறு என்று சொல்வதுபோல் எனக்கே கேட்டது. மழை மாதத்தில் அவர்கள் லயத்தில் எத்தனை பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள் என்று அவளைக் கேட்க வாய் வரவில்லை.

கொதிக்கவைத்து ஆறவைத்துக் கழுவலாம் என்றேன். அத்தனை கேரட்டுக்கும் தண்ணீர் காய்ச்ச விறகு எங்கே என்றாள். அவள் கேட்டது சரிதான். பிறகு அவளே, உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அதுவும் மலை ஓடைத் தண்ணீர்தான், தேக்கி மருந்து போட்டு விடுகிறார்கள் என்றார் கணவர். அந்த மருந்தான பிளீச்சிங் பவுடரை அடுத்த வாரம் கொஞ்சம் வாங்கிப்போய், ஒரு தொட்டியில் பீலித் தண்ணீர் பிடித்துக் கலந்து பார்த்தோம். எவ்வளவு போடுவது என்று எனக்கும் சரியாகத் தெரியாது. லெட்டூஸில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. "இத ஆடும் திங்காது டீச்சர்" என்றாள் அந்த வாயாடிப் பெண். எல்லோரும் சிரித்தோம், அக்காவைத் தவிர.

அவள்தான் அப்போது கூடையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தாள். பீலியில் கழுவியதுதான். என் பெண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தம்மாவிடம் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. நான் முதலில் எழுதிய கேள்வியைத்தான் கேட்டாள்.

அந்த அம்மாளிடம் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அதிக நாள் பொறுக்க மாட்டார். சரி என்று சொன்னால், என் பெண்ணுக்குக் கொடுக்கத் தயங்கியதை யாரோ பெற்ற பிள்ளைகளின் தட்டில் வைக்கிறேன். சரியில்லை என்றால், நான் சொன்னதைச் சொன்னபடி செய்தவளின் குத்தகை போகிறது. சமைத்துச் சாப்பிடும் காய் மட்டும் வாங்கிக்கொள்ளுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். அது யாரிடமும் கிடைக்கும் என்றுவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான். கொட்டகைக்கு மேலே ஓர் ஊற்று இருப்பதாகச் சொல்கிறார்கள். அது வேறொரு எஸ்டேட் வேலிக்குள் இருக்கிறது. அதன் தண்ணீர் மட்டும் எப்படிப்பட்டது என்று யார் பார்த்தார்கள்?

இதைப் படிப்பவர்களில் மலையில் காய் விளைவிப்பவர்கள் இருப்பீர்கள். பெரிய சமையலறை நடத்துபவர்கள் இருப்பீர்கள். என்னைப்போலக் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். தொட்டித் தண்ணீருக்கு மருந்து எந்த அளவு போட்டால் வாடை வராது? நல்ல தண்ணி என்பதற்குப் பதிலாக நான் அவர்களிடம் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதற்கெல்லாம் நேரமில்லை என்றால் இதற்கு மட்டுமாவது பதில் சொல்லுங்கள். என் இடத்தில் இருந்தால், அந்தக் கேரட்டை வாங்கி உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்திருப்பீர்களா?